தண்ணிப்பிளேனும் முப்பத்தோராம் பக்கமும்

மொன்றியல் தீவில் வாழும் தமிழர்களுக்குள் மிகப் பெரிய அறுவை யார் என்று ஒரு போட்டி வைத்தால், இரண்டாம் பரிசுக்கு மட்டும்தான் ஆள் தேட வேண்டியிருக்கும். முதற்பரிசு பார்க் எக்ஸ்டென்ஷனில், என் வீட்டுக்கு நேர் மேல்மாடியில் குடியிருக்கிறது. பெயர் தண்ணிப்பிளேன். ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் வேண்டும். அது அவருடைய மனைவி திரேசா அக்காவுக்கும் வருமான வரிக்காரருக்கும் மட்டும் தெரியும்.

எங்கள் தமிழ்க் கத்தோலிக்கப் பங்குக்குப் புதிதாக வருகிறவர்கள் இந்தப் பெயரைக் கேட்டதும் ஆள் குடிகாரர் என்று முடிவு கட்டிவிடுவார்கள். குடித்திருந்தால் மன்னித்திருக்கலாம். குடிகாரருக்குக் காலையில் தெளிந்துவிடும். இவருக்கு இருபது வருடமாகத் தெளியவில்லை.

விஷயம் இதுதான். முன்னொரு காலத்தில் கடலிலும் ஆற்றிலும் இறங்கி ஏறிய பயணிகள் விமானங்கள் இருந்தன. கீழே பார்த்தால் வள்ளம், மேலே பார்த்தால் விமானம். வசதி படைத்தவர்கள் அதில் ஏறி, வெள்ளை விரிப்புப் போட்ட மேசையில் சாப்பிட்டு, கட்டிலில் படுத்து, வழி நெடுகத் தண்ணீரில் இறங்கி இறங்கிக் கண்டம் விட்டுக் கண்டம் போனார்கள். பிறகு ஊரெல்லாம் நீளமான ஓடுபாதைகள் வந்தன, அந்தப் பறக்கும் வள்ளங்கள் ஓய்வு பெற்றன. உலகம் இதை ஏற்றுக்கொண்டு தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. மேல்மாடிக்காரர் ஒருவர் மட்டும் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை.

"உலகத்திலை முக்கால்வாசி தண்ணி. பிளேனுக்குப் பூட்டினது சக்கரம். இதைச் செய்தவன் பள்ளிக்கூடப் பக்கம் போயிருப்பானோ, தம்பி?" இதுதான் அவருடைய வேதம். டோர்வல் விமான நிலையத்துக்கு இறங்கும் விமானங்கள் எங்கள் தெருவுக்கு மேலாகத் தாழப் பறக்கும். சத்தம் கேட்டதும் அவர் வெளியே வந்து, இரும்புப் படிக்கட்டின் உச்சியில் நின்று நிமிர்ந்து பார்த்து, "போகுது, மூண்டு சக்கர வண்டில்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவார். ஒரு நாளைக்கு எத்தனை விமானமோ அத்தனை தடவை. கீழ்வீட்டில் நான் தொலைபேசியில் பேசிக்கொண்டிருந்தால், மறுமுனையில் இருப்பவர் யாரது என்று கேட்பார். என்னவென்று சொல்வது?

கனடாவுக்கு மட்டும் எதில் வந்தீர்கள் என்று ஒருமுறை மடக்கினேன். மனுசன் அசரவில்லை. அது அறியாமல் செய்த பாவமாம். பாவசங்கீர்த்தனத்தில் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டாராம்.

இந்த வியாதி எங்கே தொற்றியது என்று எனக்குத் தெரியும். மொன்றியலில் வாடகைக்கு இருப்பவர்களில் பாதிப்பேர் ஜூலை முதலாம் திகதி வீடு மாறுவார்கள். அன்றைக்குத் தெருவோரமெல்லாம் கதிரை, மெத்தை, உடைந்த விளக்கு என்று கிடக்கும். எங்கள் ஆட்கள் அதைச் சந்தை மாதிரிச் சுற்றிவருவார்கள். மற்றவர்கள் அலுமாரி தூக்கி வந்த ஒரு ஜூலையில், இவர் மட்டை கிழிந்த ஒரு பழைய படப்புத்தகத்தைத் தூக்கி வந்தார். பறக்கும் வள்ளங்களைப் பற்றிய புத்தகம். முழுக்கப் பிரெஞ்சு. இவருக்குத் தெரிந்த பிரெஞ்சு 'பொன்ஜூர்', 'மெர்சி', அவ்வளவுதான்.

வீட்டில் ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். மகள் ஜெனி, வயது எட்டு. பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக அந்தப் பிள்ளையைப் படிக்கட்டில் உட்கார வைத்து, ஒவ்வொரு பக்கமாக வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்வார். புவாண்ட்-கிளேரில் ஒரு பண்டகசாலையில் பின்னேர வேலைக்குப் போகும்வரை இது நடக்கும். கேட்டதையெல்லாம் மறுநாள் தெருவுக்குச் சொல்வார். தெரு என்றால் பெரும்பாலும் நான்.

அப்படித் தெரிந்துகொண்ட விஷயங்களைக் கேளுங்கள். பறக்கும் வள்ளத்தில் ஏறுமுன் பயணிகளை நிறுப்பார்களாம். தண்ணீரில் இறங்குமுன் மணி அடிப்பார்களாம், மீன்கள் விலகட்டும் என்று. புறப்படுமுன் கப்டன் உள்ளே வந்து, யாருக்காவது யார் மீதாவது கோபம் இருக்கிறதா என்று கேட்பாராம். கோபத்தோடு ஒருவரையும் ஏற்றமாட்டாராம். கோபம் பாரமாம், மேலே எழும்ப விடாதாம்.

கேட்டுச் சிரித்துவிட்டுப் போயிருக்கலாம். இவர் நடைமுறைப்படுத்தத் தொடங்கினார்.

ஒரு கோடையில் எங்கள் பங்கு ஆட்கள் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவுக்கு ஒரு நாள் உலாப் போனோம். மஞ்சள் பள்ளிக்கூட பஸ் ஒன்றை ஏற்பாடு செய்திருந்தோம். காலையில் வந்து பார்த்தால், பஸ் வாசலில் குளியலறைத் தராசை வைத்துக்கொண்டு தண்ணிப்பிளேன் நிற்கிறார். ஒவ்வொருவரையும் ஏற்றி நிறுத்து, எடையை அட்டையில் எழுதிக் கழுத்தில் மாட்டி, பாரமானவர்களை நடுவிலும் மெலிந்தவர்களை ஓரத்திலும் இருத்தினார். செபமாலைச் சங்கத் தலைவி தராசில் ஏற மறுத்துவிட்டார். இவர் அவரை மேலும் கீழும் பார்த்து, கண்மதிப்பில் ஓர் எண்ணை உரத்துச் சொன்னார். எண் சரியாகத்தான் இருந்திருக்க வேண்டும், அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு வருடம் இவர் முகத்தில் விழிக்கவில்லை.

அதோடு விட்டாரா? பஸ்ஸின் முன்னால் ஏறி நின்று, கோபம் உள்ளவர்கள் எழும்பச் சொன்னார். அப்போது எனக்கும் பங்குச் சபைத் தலைவர் சூசை மாஸ்டருக்கும் ஆறு மாதமாகப் பேச்சுவார்த்தை இல்லை. பாடகர் குழுவின் மைக்கை யார் உடைத்தது என்பதில் வந்த தகராறு. எல்லோரும் எங்கள் இருவரையும் திரும்பிப் பார்த்தார்கள். பஸ் ஓட்டுநர் கியூபெக்காரர், நாங்கள் செபம் சொல்வதாக நினைத்துத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். பத்து நிமிடம் பஸ் நகரவில்லை. பிள்ளைகள் அழத் தொடங்கினார்கள். கடைசியில் நானும் மாஸ்டரும் எழும்பிக் கை குலுக்கினோம். அந்தக் கைகுலுக்கலால் எனக்கு விளைந்த ஒரே பலன், இன்றுவரை மாஸ்டர் என்னை எல்லாக் கூட்டங்களுக்கும் கூப்பிடுகிறார்.

அங்கே கால்வாய்க் கரையில் கட்டுச்சோற்றைப் பிரித்தபோது, மிதவை பூட்டிய ஒரு குட்டி விமானம் பக்கத்து ஏரியில் வந்து இறங்கியது. தண்ணிப்பிளேன் சோற்றுக் கையோடு ஓடினார். வரவேற்கத்தான் ஓடுகிறார் என்று நினைத்தோம். இல்லை. மணி அடிக்காமல் இறங்கியது எப்படி என்று, விமானத்தை விட்டு இறங்கிய ஆளிடம் தமிழில் நியாயம் கேட்டார். அந்த மனுசன் 'பொன்ஜூர்' என்று சொல்லிக் கையை நீட்டினார். இவர் சோற்றுக் கையால் ஏரியைக் காட்டி, மீன்களின் சார்பில் இன்னும் கொஞ்சம் பேசினார். பத்து வயது ஜெனி முகம் சிவந்து ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். தகப்பனை நினைத்து வெட்கப்படுகிறாள் என்று நான் பரிதாபப்பட்டேன்.

வருடங்கள் போயின. ஜெனி தாதியாகப் படித்து முடித்து லண்டனில் வேலை கிடைத்துப் போனாள். அந்த வருடம் எங்கள் கிறிஸ்மஸ் ஒளிவிழாவுக்கு நான்தான் அறிவிப்பாளர். எனக்கு மைக் கிடைத்தால் நாக்கு கொஞ்சம் நீளும். சபை தூங்கி வழிந்த நேரம் பார்த்துத் தண்ணிப்பிளேனை மேடைக்கு அழைத்து, மகளின் கலியாணம் லண்டனில் நடந்தால் எப்படிப் போவீர்கள், நீந்தியா என்று கேட்டேன். மண்டபம் அதிர்ந்தது. மனுசன் என் கையிலிருந்த மைக்கை வாங்கினார்.

"சக்கரம் வைச்ச பிளேனிலை நான் ஏறமாட்டன். அந்தோனியார் சாட்சி."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது. என் அறிவிப்பாளர் வாழ்க்கையில் அதைப் போல ஒரு சிரிப்பு நான் வாங்கியதில்லை. வீட்டுக்கு வந்தும் நினைத்து நினைத்துச் சிரித்தேன்.

இரண்டு வருடம் கழித்து, இந்தத் தை மாதம், ஜெனியின் கலியாணம் நிச்சயமானது. மாப்பிள்ளை லண்டன், கோவில் லண்டன், திகதி மே மாதம். திரேசா அக்கா இரண்டு பேருக்கும் டிக்கெட் போட்டு, கடவுச்சீட்டுகளை அந்தோனியார் சுருவத்தின் காலடியில் வைத்தார். சாட்சிக்காரரே பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார்.

தண்ணிப்பிளேன் கப்பல்களை விசாரித்தார். அந்தத் திகதிக்குள் கொண்டுபோய்ச் சேர்க்க ஒரு கப்பலும் இல்லை. பங்கில் போகுமிடமெல்லாம் இதே பேச்சு. போகப் போகிறாரா, சத்தியத்தைக் காப்பாற்றப் போகிறாரா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். போனால் சிரிப்பார்கள். போகாவிட்டால் பிள்ளை? கோவில் வாசலிலிருந்து பீடம் வரைக்கும் மணப்பெண்ணைக் கைப்பிடித்துக் கூட்டிப்போவது தகப்பன். ஜெனி தொலைபேசியில் அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. அப்பா வராவிட்டால் தனியே நடப்பேன், வேறு ஒருத்தரின் கையும் பிடிக்கமாட்டேன் என்று மட்டும் சொன்னாள். இதைத் திரேசா அக்கா எங்கள் வீட்டுக் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் நின்று சொல்லும்போது என் மனைவி என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத விரும்பவில்லை. மைக்கை நீட்டியவன் நான்தானே.

அதற்கு அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு தண்ணிப்பிளேன் என் கதவைத் தட்டினார். கையில் அந்தப் படப்புத்தகம், பொலித்தீன் உறை போட்டிருந்தது. இருபது வருடத்தில் ஜெனியைத் தவிர ஒருவரையும் தொட விட்டதில்லை.

"தம்பி, உமக்குப் பிரெஞ்சு வாசிக்கத் தெரியுமெல்லே. பிள்ளை சின்னனிலை வாசிச்சது. விட்ட குறை ஏதும் இருக்கோ எண்டு ஒருக்கால் வடிவாப் பாரும்."

மூன்று வருடம் மாலை வகுப்புக்குப் போய் நான் படித்த பிரெஞ்சுக்கு இப்படி ஒரு வேலை வரும் என்று நினைக்கவில்லை. உள்ளுக்குள் எனக்கு ஒரே சந்தோசம். மனுசனின் வேதப்புத்தகமே என் கையில் வந்து விழுந்திருக்கிறது. அன்று பின்னேரமே தேநீரோடு உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்தேன்.

பயணிகளை எடை நிறுத்த விஷயம் உண்மைதான், புத்தகத்தில் இருந்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம். சாப்பாடு, கட்டில், வழியில் இறங்கித் தங்கிய ஊர்கள், தொப்பி போட்ட சீமாட்டி ஒருத்தி ஏணியால் படகுக்கு இறங்குவது, எல்லாம் இருந்தன. ஆனால் மணி இல்லை. மீன்கள் இல்லை. கோபம் பாரம் என்று சொன்ன கப்டன் மருந்துக்கும் இல்லை. நான் மாஸ்டருக்குக் கை கொடுத்தது எந்தப் பக்கத்திலும் இல்லாத ஒரு சட்டத்துக்காக.

பொறுக்கமுடியாமல் லண்டனுக்குத் தொலைபேசி எடுத்தேன். கண்டுபிடித்துவிட்டேன் என்று ஜெனியிடம் பெரிய துப்பறிவாளன் மாதிரிச் சொன்னேன். அவள் மறுக்கவில்லை.

"எனக்கு எட்டு வயசு, அங்கிள். வாசிச்சு முடிஞ்சால் அப்பா எழும்பி வேலைக்குப் போயிடுவார். அதுதான் கொஞ்சம் கொஞ்சமாச் சேர்த்தனான்."

கோபம் பாரம் என்றது எப்படி வந்தது என்று கேட்டேன். அன்றைக்கு அப்பாவும் அம்மாவும் சண்டை பிடித்து, காலையிலிருந்து ஒருவரோடொருவர் கதைக்கவில்லையாம். அதைக் கேட்டதும் அப்பா புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் குசினிக்குப் போனாராம். உள்ளே இரண்டு பேரும் கதைத்துக்கொண்டிருந்ததைப் படிக்கட்டில் இருந்து கேட்டாளாம். பஸ்ஸில் அதைக் கொண்டுவந்து விடுவார், அந்த விமானக்காரரோடு மல்லுக்கு நிற்பார் என்று அவளுக்கு எப்படித் தெரியும்? ஐஸ்கிறீம் வண்டிக்குப் பின்னால் அவள் ஒளிந்தது வெட்கத்தால் இல்லை, குட்டு வெளிப்பட்டுவிடுமோ என்ற பயத்தால்.

"அப்பாவுக்குச் சொல்லிடாதேங்கோ, அங்கிள்," என்றாள். சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன்.

தொலைபேசியை வைத்துவிட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனுசனைச் சந்தி சிரிக்க வைக்க இருபது வருடமாகத் தேடிய ஆயுதம் என் மடியில் கிடந்தது. ஆசையில்லை என்று பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பிள்ளை தனியாக நடந்து போவது கண்ணுக்குள் வந்து வந்து நின்றது.

அடுத்த நாள் மேலே போய், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து முப்பத்தோராம் பக்கத்தைத் திறந்தேன். உண்மையில் அந்தப் பக்கத்தில் இயந்திரத்துக்கு எண்ணெய் போடுவது எப்படி என்று எழுதியிருக்கிறது. நான் வாசித்தது வேறு. ஆறுகள் உறையும் காலத்தில் பறக்கும் வள்ளம் இறங்க இடமில்லை. அப்போது கப்டன்மாரே சக்கர விமானத்தில்தான் போய்வருவார்கள். அதில் அவமானம் ஒன்றும் கிடையாது. தண்ணீர் தெரிகிற பக்கமாகச் சன்னலோரம் இருக்கவேண்டும், அவ்வளவுதான்.

அவர் என்னைப் பார்த்தபடியே கேட்டார். பிறகு, மே மாதத்தில் ஆறு உறைந்திருக்காதே என்று ஒரு கொக்கி போட்டார். எனக்கு வியர்த்தது. மிதக்கிற பனிக்கட்டிக்குப் பயந்து வைகாசி முடியும்வரை அந்தச் சட்டம் செல்லும் என்று அடிக்குறிப்பில் கிடக்கிறது என்றேன். இன்னொருக்கால் வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். இரண்டாம் முறை அடிக்குறிப்பு கொஞ்சம் நீண்டுவிட்டது.

அடுத்த ஞாயிறு பங்கு மண்டபத்தில் புத்தகத்தை உயர்த்திப் பிடித்து எல்லோருக்கும் அறிவித்தார். ஒருவரும் நம்பவில்லை. அத்தனை கண்களும் என் பக்கம் திரும்பின. பிரெஞ்சு தெரிந்தவன், இருபது வருடமாக அவரைக் கிழித்துத் தோரணம் கட்டியவன், நான் என்ன சொல்கிறேன் பார்ப்போம் என்று. ஓம், எழுதியிருக்கிறது, முப்பத்தோராம் பக்கம் என்றேன். சூசை மாஸ்டர் என் தோளில் கையை வைத்தார்.

"அப்ப நீரும் அந்தப் பிளேனிலை ஏறிட்டீர்."

அன்றிலிருந்து மண்டபத்தில் தேநீர் வேளையில் எனக்கும் ஒரு பட்டப்பெயர் நடமாடுகிறது. அதை நான் இங்கே சொல்லப்போவதில்லை.

மே மாதம் வந்தது. எங்கள் வழக்கப்படி இரண்டு பேரை வழியனுப்ப இருபத்தைந்து பேர் விமான நிலையத்துக்குப் போனோம். தண்ணிப்பிளேன் பெட்டி நிறுக்கும் தராசில் தானும் ஏறி நின்று நிறுத்துப் பார்த்தார். கருமபீடத்துப் பெண் வாயைத் திறக்குமுன் திரேசா அக்காவையும் ஏற்றிவிட்டார். வெட்கக்கேடு. நான் கொஞ்ச நேரம் வேறு யாரோடோ வந்தவன் மாதிரி நின்றேன்.

பரிசோதனை வாசலுக்கு முன்னால் எல்லோரையும் விட்டுவிட்டு என்னை ஒரு பக்கமாகக் கூட்டிப்போனார். முகம் வெளிறியிருந்தது.

"ஏற முதல் கேக்கவேணும், தம்பி. உமக்கு என்னிலை கோவம் ஏதும் இருக்கோ?"

இருபது வருடக் கணக்கு மனதில் வந்து நின்றது. படிக்கட்டுச் சத்தம், தராசு, மாஸ்டரின் கை. ஒன்றும் இல்லை, அண்ணை என்றேன். சொன்ன பிறகுதான் அது உண்மை என்று தெரிந்தது.

"முப்பத்தோராம் பக்கத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை எண்டு எனக்குத் தெரியும்," என்றார். "பிள்ளை ஒரு பக்கமும் திருப்பாமலே அரை மணித்தியாலம் வாசிப்பாள். எனக்குப் பிரெஞ்சுதான் தெரியாது. வாசிக்கேக்கை அவளின்ரை கண் புத்தகத்திலை நிக்கிறேல்லை, என்ரை முகத்திலை நிக்கும். நீரும் அப்பிடித்தான் வாசிச்சனீர்."

தெரிந்துகொண்டா இருபது வருடமும் மணியும் மீனும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தீர்கள் என்று கேட்டேன்.

"என்ரை பிள்ளை சொன்னதெல்லோ," என்றார். இரண்டடி போனவர் திரும்பி வந்தார். "அவளுக்குச் சொல்லிப்போடாதேயும்."

அவளிடமும் சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அப்படியிருக்க இதை எல்லோரும் பார்க்கும் பத்திரிகையில் எழுதலாமா என்று நீங்கள் கேட்பது நியாயம். ஜெனிக்குத் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. தகப்பன் அந்த ஒரு புத்தகத்தைத் தவிர வேறொன்றையும் தொடுவதில்லை. என் சத்தியங்கள் பத்திரமாக இருக்கின்றன.

கலியாணப் படம் வந்தது. மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறார், தானே பறந்து வந்து தேம்ஸ் நதியில் இறங்கியவர் போல. இன்னும் ஒரு மாதம் நின்றுவிட்டு வருவார்களாம். மேல்வீடு பூட்டிக் கிடக்கிறது. எத்தனை வருடம் ஏங்கிய அமைதி, இப்போது வீடு நிறைய இருக்கிறது.

நேற்றுப் பின்னேரம் ஒரு விமானம் தெருவுக்கு மேலாகத் தாழப் பறந்தது. மேலே கதவு திறக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். திறக்கவில்லை. நானே வெளியே வந்து படியேறி, உச்சியில் நின்று நிமிர்ந்து பார்த்து, "போகுது, மூண்டு சக்கர வண்டில்" என்று சொன்னேன். அவர் சொல்வது போல வரவில்லை. அந்த மனுசன் கெதியாக வந்து சேரட்டும்.